கையெழுத்துக்கு ஒரு தெளிவான நாள்

மார்ச் 4

காலை ஷிஃப்ட். இரண்டு மணிக்கட்டு, ஒரு இடுப்பு, மூச்சை அடக்கச் சொன்னால் இருமுகிற ஒரு மார்பு. எக்ஸ்ரே அறையில் இத்தனை வருஷம் நின்றாயிற்று, ஆட்களை உறுப்பாகத்தான் ஞாபகம் வைத்துக்கொள்கிறேன்.

மதியம் என் வீட்டுக்காரர் என்னை அழைத்துப்போக வந்தார். நான்காம் மாடியில் லிஃப்டில் ஏறினோம். பொத்தான்களுக்கு முன்னால் நின்றார்.

"கீழதானே போகணும்?"

"ஆமா."

கை நீண்டது, நின்றது. பிறகு எல்லாப் பொத்தானையும் வரிசையாக அழுத்தினார். ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்தது, யாருமில்லாத வராந்தாவைக் காட்டிவிட்டு மூடியது. பின்னால் நின்ற ஒருவர், "சார் ஆஸ்பத்திரியை சுத்திக் காட்டுறார்போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நானும்.

வாழ்நாள் முழுக்க லிஃப்ட் மாட்டுகிற வேலை பார்த்தவர். 

மார்ச் 19

ஸ்கேன் எடுத்தாயிற்று. ஸ்கேன் அறைத் தோழி படத்தை என்னிடம் காட்டவில்லை. "ரிப்போர்ட் வரட்டும், டாக்டர் சொல்வார்" என்றாள். நாங்கள் நோயாளிகளிடம் சொல்லும் அதே வாக்கியம், அதே குரல். அப்போதே தெரிந்துவிட்டது.

மார்ச் 24

நரம்பு டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. மறதி நோய், அதிலும் வேகமாகப் போகிற வகை. "எழுதி வைக்க வேண்டியது எதாவது இருந்தா இப்பவே எழுதி வெச்சிடுங்க. அறிவு தெளிவா இருக்கணும், அப்பதான் செல்லும்."

அவர் கேட்டார்: "நான் எப்பலேருந்து செல்லாமப் போவேன் டாக்டர்?"

டாக்டருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

ஏப்ரல் 2

வக்கீலம்மாவைப் பார்த்தோம். மருந்துக்கடைக்கு மேலே மாடி அறை. வக்கீலம்மாவுக்குக் கடுமையான ஜலதோஷம். ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு தும்மல்.

எங்கள் நிலைமையை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு இது முதல் கல்யாணம், நாற்பத்தெட்டு வயதில் நடந்தது. அவருக்கு இரண்டாவது. முதல் மனைவி இறந்து சில வருஷம் கழித்து. வளர்ந்த மகன் வெளிநாட்டில், மகள் இதே ஊரில், இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம். வீடு அவர் பேரில். அதை அவரும் முதல் மனைவியும் சேர்ந்து கட்டினார்கள்.

"உங்க விருப்பம் என்ன? அதை உங்க வாயால சொல்லுங்க" என்று அவரைக் கேட்டார் வக்கீலம்மா.

"இவ இருக்கற வரைக்கும் இவளை யாரும் அந்த வீட்டுலேர்ந்து கிளப்பக் கூடாது. அதுக்கப்புறம் பசங்களுக்கு."

"சரி. வைத்தியம்? நீங்க சொல்ல முடியாத நிலைமையில யார் முடிவெடுக்கணும்?"

"இவதான். ஒண்ணு மட்டும் எழுதிக்குங்க. சாப்பாடு வாய் வழியாத்தான் வரணும். மூக்கு மூச்சு விடறதுக்கு."

வக்கீலம்மா தும்மிக்கொண்டே சிரித்தார். வீட்டை ஒரு டிரஸ்டில் வைத்தால் இன்னும் பத்திரம் என்று சொல்லிப் பார்த்தார். "டிரஸ்ட் வைக்க அது என்ன அரண்மனையா? மழை வந்தா சமையலறை ஒழுகும்" என்றார் இவர். உயில் ஒன்று, பவர் பத்திரம் ஒன்று, வைத்தியத்துக்குத் தனியாக ஒன்று என்று முடிவானது. அடுத்த வாரமே கையெழுத்து வைத்துக்கொள்ளலாம் என்றார் வக்கீலம்மா.

"பசங்ககிட்ட சொல்லாம வேண்டாம். ஜூன்ல பெரியவன் வர்றான். நேர்ல சொல்லிட்டுப் போடறேன்" என்றார்.

வக்கீலம்மா என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்வது? 'அதுவரைக்கும் நீங்க இருப்பீங்களா' என்று கேட்கவா முடியும்?

ஏப்ரல் 13

பிள்ளைகளிடம் போனில் நோயைப் பற்றி மட்டும் சொன்னார். மகள் அழுதாள். மகன் டாக்டர் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டான். பிறகு என்னிடம் கொடுக்கச் சொன்னான். அவன் என்னை இதுவரை எப்படியும் கூப்பிட்டதில்லை. பெயரோ முறையோ இல்லாமல் பத்து வருஷம் சமாளித்துவிட்டான். தமிழில் அது முடிகிறது.

"அங்க வேற யாராவது வந்து போறாங்களா?"

"வேற யாருன்னா?"

"சும்மா கேட்டேன்."

என் அக்காவைத்தான் கேட்கிறான், என் பக்கத்து ஆட்கள் வீட்டில் புகுந்துவிடுவார்களோ என்று. அவளுக்கு முழங்கால் வலி, எங்கள் வாசல் படி ஏறியே வருஷமாகிறது.

மே 6

பராமரிப்பு இல்லம் ஒன்றைப் போய்ப் பார்த்தோம். "தெளிவா இருக்கறப்பவே நான் பாத்துடறேன்" என்று அவரேதான் கிளம்பினார்.

சுவரெல்லாம் வெளிர்மஞ்சள். கூடத்தில் டி.வி. ஓடுகிறது, யாரும் அதன் பக்கம் திரும்பி உட்காரவில்லை. ஒரு அம்மா தன் ஸ்வெட்டரின் பித்தான்களைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார். பொறுப்பாளர் பெண் நல்ல மாதிரி. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்தாள், கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

அவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு லிஃப்ட் அருகே நின்று காதைக் கொடுத்தார். "பிரேக் தேஞ்சிருக்கு. பேஷன்ட்டை ஏத்தாதீங்க, ஆளைக் கூப்பிட்டுப் பாருங்க" என்றார். பொறுப்பாளர் உடனே போன் செய்தாள்.

வெளியே வந்ததும், "எடம் பரவால்ல" என்றார். கொஞ்ச தூரம் நடந்து, "என்னை விட்டுட்டுப் போறப்ப திரும்பிப் பாக்காதே" என்றார்.

மே 28

என் பெயரைச் சொல்ல வாயெடுத்து, கிடைக்காமல், "ஏம்மா" என்று முடித்துக்கொண்டார். மூன்றாம் தடவை.

ஜூன் 21

மகன் வந்துவிட்டான். மகளும் வந்தாள். நால்வரும் சாப்பாட்டு மேசையில். அவருக்கு நல்ல நாள் இது. நிதானமாக, விட்டுவிட்டு, ஆனால் முழுசாகச் சொன்னார்.

மகள் மேசையையே பார்த்துக்கொண்டு, "இது அம்மா கட்டின வீடுப்பா" என்றாள்.

"நானும்தான் கட்டினேன்."

"அதில்லப்பா..."

மகன் நேராகப் பேசினான். "வாழ்நாள் உரிமைன்னா இன்னும் இருபது வருஷம், முப்பது வருஷம்கூட ஆகலாம். அதுவரைக்கும் எங்களால ஒண்ணும் செய்ய முடியாது. உங்க வைத்தியத்துக்கே வீட்டை வித்தாகணும்னா?"

அந்தக் கேள்வியில் தப்பில்லை. எனக்கே அது தோன்றியிருக்கிறது. ஆனால் நான் அந்த அறையிலேயே இல்லாதது மாதிரி கேட்டான்.

அவர், "நான் பிச்சை கேக்கல. தகவல் சொல்றேன்" என்றார். அப்படியொரு குரலை அவரிடம் கேட்டு எத்தனையோ மாதம் ஆகிவிட்டது.

மகன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். "சரிப்பா. நீங்க போடறதா இருந்தா நான் தடுக்கல."

வெள்ளிக்கிழமை வக்கீலம்மா வீட்டுக்கே வருகிறார்.

ஏன் இன்றைக்கே இல்லை? ஏன் இந்த மத்தியானமே ஓடிப்போய் அவரைக் கூட்டிக்கொண்டு வரவில்லை? இன்று சனிக்கிழமை, அலுவலகம் பூட்டு. அதனால்தான்.

ஜூன் 27

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

காலையிலிருந்தே சரியில்லை. சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டார். இருந்தாலும், ஆட்கள் வந்ததும் எழுந்து நின்று வரவேற்றார். மரியாதை அவருக்குக் கடைசியாகத்தான் மறக்கும்போல. வக்கீலம்மா, எங்கள் குடும்ப டாக்டர், சாட்சிக்குப் பக்கத்து வீட்டுக்காரரும் மருந்துக்கடைக்காரரும். மகன் ஜன்னலோரம், மகள் சமையலறை வாசலில்.

டாக்டர் கேட்டார்: "எப்படி இருக்கீங்க?"

"உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேன்."

"இது யார் வீடு?"

"நம்ம வீடுதான். உட்காருங்க."

"பசங்க எத்தனை பேர்?"

"ரெண்டு." மகனைக் காட்டி, "இவன் பெரியவன்."

வக்கீலம்மா படித்துக் காட்டினார். ஒவ்வொரு பத்திக்கும் இவர் தலையாட்டினார். "சம்மதமா?" "சம்மதம்." டாக்டர் திருப்தியோடு தன் பேனாவைத் திறந்தார். வக்கீலம்மா தாளை இவர் முன்னால் நகர்த்தினார்.

பேனாவைப் பிடித்தவர் என் பக்கம் குனிந்தார். எனக்கு மட்டும் கேட்கிற குரலில்: "இது எந்த பில்டிங்?"

"என்னது?"

"லிஃப்டை ஒப்படைக்கிற கையெழுத்துதானே. லோடு ஏத்தி ஓட்டிப் பாத்தாங்களா? பாக்காம நான் போடமாட்டேன்."

பேனா தாளைத் தொட்டுவிட்டது. "பாத்தாச்சு, போடுங்க" என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். போட்டிருப்பார். என்னை நம்பிப் போட்டிருப்பார். யாருக்கும் தெரிந்திருக்காது.

நான் பேனாவை அவர் விரலிலிருந்து எடுத்தேன். "இவருக்கு இன்னிக்குத் தெளிவில்ல. இன்னொரு நாள் வெச்சுக்கலாம்."

"கேட்டதுக்கெல்லாம் சரியா பதில் சொல்றாரே" என்றார் வக்கீலம்மா.

"இல்ல மேடம். வேண்டாம்."

எல்லோரும் எழுந்தார்கள். டீ போட்டு வைத்திருந்தேன், யாரும் குடிக்கவில்லை. வாசலில் வக்கீலம்மா என் கையைப் பிடித்து, "நீங்க என்ன செஞ்சீங்கன்னு உங்களுக்குத் தெரியுதா?" என்றார்.

தெரியலயே. எனக்கென்ன தெரியும். அவர் சட்டையைக் கழட்டினா உள்ள இன்னொரு சட்டை, அதுக்குள்ள இன்னொண்ணு. மூணு சட்டை. அதைப் பாத்துத்தான் அழுதேன், வீட்டுக்காக இல்ல.

ஜூன் 29

மகன் கிளம்பிவிட்டான். அப்பாவைக் கட்டிக்கொண்டான். என்னிடம், "டாக்டர் தேதி எதாவது வந்தா மெசேஜ் பண்ணுங்க" என்றான்.

ஜூலை 8

காலை தெளிவு. பேப்பரைச் சத்தமாகப் படித்தார். வக்கீலம்மாவுக்குப் போன் செய்தேன், அவர் கோர்ட்டில் இருந்தார். மாலை வந்தார். அதற்குள் போய்விட்டது.

ஜூலை 15

இல்லை.

ஜூலை 22

இல்லை. கண்ணாடியில் தெரிந்த ஆளுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 19

குடும்ப டாக்டர் கையை விரித்துவிட்டார். "இனிமே நான் சர்டிபிகேட் குடுத்தா அது பொய். மன்னிச்சுக்கங்க."

மன்னிக்க என்ன இருக்கிறது. நான் ஆரம்பித்து வைத்ததை அவர் முடித்தார்.

செப்டம்பர் 11

பிள்ளைகள் இருவரும் கோர்ட்டில் மனுப் போட்டிருக்கிறார்கள். அப்பாவுக்கும் அவர் சொத்துக்கும் தங்களைக் காப்பாளராக நியமிக்கச் சொல்லி. வக்கீலம்மா நகலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஜூன் மாசத்துலயே அப்பாவுக்குத் தெளிவில்லன்னு மனைவியே எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்டாங்கன்னு எழுதியிருக்காங்க."

நான் சிரித்துவிட்டேன். வேறென்ன செய்வது.

"எதிர்த்துப் போடலாம். மனைவிங்கற முறையில உங்களுக்கு பலம் இருக்கு. ஆனா இழுக்கும். அதுவரைக்கும் அவர் பேங்க் கணக்கை யாரும் தொட முடியாது. அவரைப் பாத்துக்க ஆள் போடணும்னாலும் கஷ்டம்."

எவ்வளவு இழுக்கும் என்று கேட்டேன். வக்கீலம்மா நகலை மடித்துக் கோப்பில் வைத்தார். இவரிடம் அவ்வளவு நாள் இல்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

செப்டம்பர் 30

கீழே விழுந்துவிட்டார். நான் வேலையில் இருந்தேன். பார்த்துக்கொள்ள வந்த அம்மா தனியாகத் தூக்கப் பார்த்து அவளும் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தார்கள். அவர் இடுப்பை நானே படமெடுத்தேன். "மூச்சை அடக்குங்க" என்றேன். அடக்கினார். விடச் சொல்ல மறந்துவிட்டேன். முகம் சிவக்க அப்படியே கிடந்தார், நான் சொல்வதற்காக.

எலும்பு முறியவில்லை.

அக்டோபர் 14

வழக்கைச் சமரசமாக முடித்துக்கொண்டேன். வக்கீலம்மா கடைசி நிமிஷம் வரை வேண்டாம் என்றார்.

கோர்ட் வராந்தாவில் ஒரு பெஞ்ச். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மகள். மகன் போனில், ஸ்பீக்கரில். நான் சொன்னேன்: "வீடும் கணக்கும் நீங்களே பாத்துக்குங்க. வாடகைக்கு விடுங்க, விக்கறதா இருந்தா வித்துக்குங்க, அவர் செலவுக்கு ஆகட்டும். பின்னாடியும் அதுல எனக்குப் பங்கு வேண்டாம், எழுதித் தர்றேன். ஆனா அவர் உடம்பு விஷயத்துல நான் சொல்றதுதான் முடிவு. எந்த இல்லம், எந்த டாக்டர், என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது. அதுல நீங்க யாரும் தலையிடக் கூடாது."

 மகன், "இதுல உங்களுக்கு என்ன கெடைக்குது?" என்றான். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான் என்று நினைக்கிறேன்.

"அவர் அப்படித்தான் கேட்டுக்கிட்டார்."

நீதிபதி இரண்டு தடவை கேட்டார், யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று. இல்லை என்றேன். எனக்குத் தெளிவிருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

நவம்பர் 5

இன்று அவரை அந்த வெளிர்மஞ்சள் இல்லத்தில் சேர்த்தோம். ஜன்னல் வைத்த அறை. பொறுப்பாளர் பெண் கதவைத் தட்டிவிட்டு வந்தாள்.

கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, கட்டில் சக்கரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

நவம்பர் 23

ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில் ஒற்றை அறை எடுத்திருக்கிறேன். கீழே கண்ணாடி அறுத்து விற்கிற கடை. வீட்டிலிருந்து என் துணிகள், என் தையல் மெஷின், இரண்டு பாத்திரம். மகள் வந்து மூட்டை கட்ட உதவினாள். பீரோவில் அவள் அம்மாவின் புடவைகள் நான் வந்த நாளிலிருந்து இருந்த இடத்திலேயே இருந்தன. அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"நீங்க இதையெல்லாம் எடுத்திருப்பீங்கன்னு நெனச்சேன் ஆன்ட்டி."

"அது என்னுதில்லையே."

ஜனவரி 17

ஒரு கிண்ணம் சூப் கொடுக்க ஷிஃப்ட் முடிந்து வருகிற மாலை முழுவதும் ஆகிறது. ஒரு கரண்டி, காத்திருத்தல், தொண்டை அசைகிறதா என்று பார்த்தல். சில நாள் என்னை யாரென்று தெரியாமலே என் வாயைத் துடைத்துவிடுகிறார், நான்தான் சாப்பிடுகிறேன் என்று.

பிப்ரவரி 9

நெஞ்சில் சளி, காய்ச்சல். ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். வார்டு டாக்டர் சின்ன வயசு. நல்ல பையன், தூக்கமில்லாத கண்.

"விழுங்கறது நுரையீரலுக்குள்ள போகுது. மூக்கு வழியா டியூப் போட்டுடலாம். கொஞ்ச நாள் ஓட்டலாம். முடிவு யார் சொல்வாங்க?"

"நான்தான். டியூப் வேண்டாம்."

"போடலன்னா..."

"தெரியும் டாக்டர். நானும் இங்கதான் வேலை பாக்கறேன். வலியில்லாம பாத்துக்குங்க. வாயை நனைச்சு விட நான் இருக்கேன்."

மகன் போன் செய்தான். இப்படி ஒரு குரலில் அவன் பேசி நான் கேட்டதில்லை. "பட்டினி போட்டுக் கொல்றீங்களா? இதுக்குத்தானா அன்னிக்கு அந்த உரிமையைக் கேட்டு வாங்கினீங்க?"

ஆமா, இதுக்குத்தான். அப்படியே சொல்லிட்டேன். சொல்லியிருக்க வேண்டாமோ. அவன் அங்க தனியா நின்னுட்டு அழுதிருப்பான். அவனுக்கும் அப்பாதானே.

 நான் சரியாகச் செய்கிறேனா? அவர் அன்று சொன்னது ஆரோக்கியமான மனுஷனின் பேச்சு. இப்போது கட்டிலில் கிடக்கிற இந்த மனுஷனைக் கேட்டால் என்ன சொல்வார்? கேட்க வழியில்லை. அதனால்தான் முன்கூட்டியே கேட்டு வைக்கிறார்கள். அது எனக்குத் தெரிகிறது. தெரிந்து என்ன.

பிப்ரவரி 10

மகள் வந்தாள். வார்டுக்கு வெளியே நாற்காலியில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா நிஜமாவே அப்படிச் சொன்னாரா?"

"சொன்னார்."

"அவர் எப்படிச் சொன்னாரோ அப்படியே சொல்லுங்க. நீங்க சுருக்காதீங்க."

"சாப்பாடு வாய் வழியாத்தான் வரணும். மூக்கு மூச்சு விடறதுக்குன்னார்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று எனக்குப் புரியவில்லை. அவளுக்கும் புரிந்திருக்காது. "அப்பாவேதான்" என்றாள். பிறகு வராந்தாவின் கோடிக்குப் போய் அண்ணனுக்குப் போன் செய்தாள். நிறைய நேரம் பேசினாள். அவன் சமாதானமானானா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பிப்ரவரி 16

விடிந்து கொஞ்ச நேரத்தில் போய்விட்டார். மகள் ஒரு கையை, நான் ஒரு கையைப் பிடித்திருந்தோம். சத்தமில்லை. மூச்சு ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போய், அடுத்தது வரவில்லை.

பிப்ரவரி 19

மகன் வந்தான், எல்லாவற்றையும் முறையாகச் செய்தான், போய்விட்டான். என் பக்கம் பார்க்கவில்லை. அவன் பார்க்கமாட்டான் என்று நினைக்கிறேன், இனி எப்போதும்.

மார்ச் 12

வேலைக்குப் போகிறேன். முட்டி, தோள், மார்பு. இன்று ஒரு பெரியவர் மேசையில் படுத்துக்கொண்டு, "எழுந்திருக்கலாமா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இன்னும் படமே எடுக்கவில்லை. அவர் மனைவி கதவுக்கு வெளியிலிருந்து, "கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஏப்ரல் 27

வீட்டை விற்கப் போகிறார்கள். கடைசிக் கையெழுத்து ஒன்று போட வக்கீலம்மாவிடம் போனேன். போட்டேன். எழுந்திருக்கும்போது அவர் கேட்டார்: "உங்களுக்கு யார் இருக்கா?"

"எதுக்கு?"

"எதுக்குன்னா? நாளைக்கு நீங்க வாய் பேசாமப் படுத்தா, யாரைக் கேக்கறது? இத்தனை தூரம் அவருக்காக ஓடினீங்க, உங்களுக்கு ஒரு வரி எழுதி வெச்சிருக்கீங்களா?"

அக்காவால் எழுந்து நடக்க முடியவில்லை. வேலை செய்யும் இடத்தில் இருப்பவர்கள் என்னைப் போலவே ஓய்வு பெறப் போகிறவர்கள். மனதுக்குள் முகங்களைத் திருப்பிப் பார்த்தேன், சீக்கிரமே தீர்ந்துவிட்டது. "யோசிச்சு சொல்றேன்" என்று வந்துவிட்டேன்.

மே 3

மகளுக்குப் போன் செய்தேன். சொத்து சம்பந்தமில்லை, எதுவும் செலவு வைக்கமாட்டேன், ஆஸ்பத்திரியில் கேட்டால் ஒரு பதில் சொன்னால் போதும் என்று உளறிக் கொட்டினேன்.  அவள் பக்கம் குழந்தைகள் சண்டை. "நான் அப்புறம் கூப்பிடறேன் ஆன்ட்டி" என்றாள்.

கேட்டிருக்கக் கூடாது. அவளுக்கு நான் யார்.

மே 9

கூப்பிடவில்லை.

மே 17

மதியம் கதவு தட்டும் சத்தம். மகள். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள், நெற்றியெல்லாம் வேர்வை. அறையைச் சுற்றிப் பார்த்தாள். நாற்காலி ஒன்றுதான். அதை எனக்குத் தள்ளிவிட்டு அவள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு அப்பா சொன்னதை நான் கேக்கல. நீங்கதான் கேட்டீங்க. நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். அண்ணன்கிட்ட அன்னிக்கு என்னால அடிச்சுப் பேச முடியல ஆன்ட்டி, நான் நேர்ல கேக்கலையே." தண்ணீர் குடித்தாள். "அதனால பேப்பர்ல என் பேரை மட்டும் போட்டா பத்தாது. உங்களுக்கு என்ன வேணும், என்ன வேண்டாம், எல்லாத்தையும் என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க. நாளைக்கு யார் கேட்டாலும் நான் கேட்டேன்னு சொல்லணும்."

செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மடக்கி வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

எதிலிருந்து ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்டுப் பழக்கமில்லை. கீழே கண்ணாடிக் கடையில் யாரோ எதையோ அறுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் அவசரப்படுத்தவில்லை.